மலர் வளையம் போதுமா?



இன்று அக்டோபர் 21. 1959-இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படை சுட்டு 10 காவலர்கள் மாண்ட நாள். காவலர் வீரவணக்க நாள். காலையிலேயே மாவட்டந்தோறும் மலர் வளையம் வைத்துவிட்டு அதிகாரிகள் கார் ஏறிவிட்டார்கள். நாம் ரயில்வே போலீசைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவோம்.

ரயிலே ஏறாத இந்தக் கொடைக்கானல் மலையில் ரயில்வே போலீசுக்கு என்ன கூட்டம் என்று கேட்டார் ஒருவர். ஐயா, அடிவாரத்துக் கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் இறங்கித்தானே பாதி ஜனம் நம் ஊருக்கு வருகிறது! தைப்பூசத்தன்று பழனி ஸ்டேஷனுக்குப் போய்ப் பாருங்கள். பிள்ளையைத் தொலைத்த தாய் யாரைத் தேடி ஓடுகிறாள்? தண்டவாளத்தில் சிதறிக் கிடக்கும் உடலை யார் அள்ளுகிறார்?

அப்படிப்பட்ட ஒருவர்தான் சசாங்க் ஷிண்டே. மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தின் ரயில்வே போலீஸ் இன்ஸ்பெக்டர். 2008 நவம்பர் 26, இரவு. பயங்கரவாதிகள் கசாபும் இஸ்மாயில் கானும் ஏ.கே. 47-ஐ எடுத்து, ரயிலுக்காகத் தரையில் உட்கார்ந்திருந்த ஏழை ஜனங்களைச் சுட்டார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஷிண்டே ஒளியவில்லை, எதிரே போனார், மாண்டார். ஊர்க்காவல் படைக்காரர் முகேஷ் ஜாதவும் அன்றே போனார். அவர் முழுநேரப் போலீஸ்கூட இல்லை, படிக்காசுக்கு வேலை பார்த்தவர்! ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஜில்லு யாதவ் பழைய .303 துப்பாக்கியால் சுட்டார். பிறகு நாற்காலியைத் தூக்கி எறிந்தார். ஏ.கே. 47-க்கு எதிராக நாற்காலி! அவர் பிழைத்தது அவர் அதிர்ஷ்டம், அரசாங்கத்தின் கெட்டிக்காரத்தனம் அல்ல.

ஷிண்டேவுக்குக் கீர்த்தி சக்ரா விருது கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான். ஆனால் தியாகம், தியாகம் என்று முழங்குகிறவர்களே, அந்த மனிதர்களை அந்த நிலையில் நிறுத்தியது யார்? பின்னர் விசாரித்த ராம் பிரதான் குழு என்ன சொன்னது? மும்பைப் போலீசுக்குச் சுட்டுப் பழகக்கூடத் தோட்டா போதவில்லை என்றது! பாகிஸ்தானில் இருந்து வந்தவன் பயிற்சியோடு வந்தான். நம்மவர் துணிச்சலை மட்டும் நம்பி நின்றார்.

ஒரே பிளாட்பாரத்தில் இரண்டு படை. ரயில்வே பாதுகாப்புப் படை டெல்லியின் கையில். வழக்குப் பதியும் ரயில்வே போலீஸ் மாநிலத்தின் கையில். அதன் செலவில் பாதியை ரயில்வே தரவேண்டும், பாதியை மாநிலம் தரவேண்டும். இரண்டு வீட்டுக்குப் பொதுவான கிணற்றை எந்த வீட்டுக்காரன் தூர் வாருவான்? ஆள் கேட்டால் அங்கே போ என்கிறார்கள், ஆயுதம் கேட்டால் இங்கே வா என்கிறார்கள். செத்தால் மட்டும் இரண்டு தரப்பும் மாலையோடு வந்து நிற்கிறது!

போலீஸ் செய்யும் அத்தனைக்கும் நான் வக்காலத்து வாங்க வரவில்லை. லாக்கப்பில் அடித்தால் அதையும் இதே மேடையில் கேட்பேன். ஆனால் நமக்காகக் குண்டுக்கு முன்னால் நிற்கிறவரை வெறுங்கையோடு நிறுத்துவதும் குற்றம்தான்.

தோழர்களே, ஓட்டுக் கேட்டு மலையேறி வருவார்கள். சாலையைக் கேளுங்கள், குடிநீரைக் கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: திண்டுக்கல் ஜங்ஷனில் நடுராத்திரி காவல் நிற்கிறவர் கையில் என்ன கொடுத்திருக்கிறீர்கள்? கடைசியாக அவர் எப்போது சுட்டுப் பழகினார்? பதில் சொல்லாதவருக்கு ஓட்டுப் போடாதீர்கள்.