பன் மாவுக்கு எந்த ஈஸ்ட் வாங்கலாம்?

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். எங்க குழுவில் நாலு பேர் சேர்ந்து கடன் வாங்கி, பன் சுட்டு டீக்கடைகளுக்குக் கொடுக்கிறோம். இந்த வருஷம் இன்னும் சில குழுக்கள் பிரெட், பன் போடக் கடன் கேட்டிருக்கீங்க. உங்களுக்காக ஈஸ்ட் பற்றி மட்டும் பேசுறேன். மாவு உப்பலைன்னா அன்னைக்கு மைதாவும் போச்சு, கூலியும் போச்சு. ஆனா தவணை தேதி நிக்காது.

ஈஸ்ட் வெறும் பொடி இல்லீங்க, உயிருள்ளது. கள்ளு நுரைக்கிறது இதனாலதான். ஆப்ப மாவுல கள்ளு ஊத்துறதும் இதுக்குத்தான். மாவுல உள்ள சர்க்கரையைத் தின்னுட்டு காத்தை விடும், அதுல பன் உப்பும். சமையல் சோடா, பேக்கிங் பவுடர் வேற. அதைப் போட்டா பன்னுக்கு அந்த மெதுவும் வாசமும் வராது.

கடையில மூணு வகை கிடைக்கும்.

முதலாவது ஃபிரெஷ் ஈஸ்ட். ஈரமான கட்டியா இருக்கும். ஃபிரிட்ஜில் வெச்சாலும் ரெண்டு வாரம் போல்தான் தாங்கும். அடிக்கடி கரண்ட் போற நம்ம ஊர்களுக்குச் சரிப்படாது.

ரெண்டாவது ஆக்டிவ் டிரை ஈஸ்ட். சின்னச் சின்ன உருண்டையா இருக்கும். வெதுவெதுப்பான தண்ணியில் கொஞ்சம் சர்க்கரையோட கரைச்சு, 10 நிமிஷம் வெச்சு, நுரை வந்த பிறகு மாவுல ஊத்தணும்.

மூணாவது இன்ஸ்டன்ட் ஈஸ்ட். அதைவிடப் பொடிசா இருக்கும். மாவுலயே நேரா கலந்துக்கலாம். புதுசா தொடங்குறவங்களுக்கு இதுதான் சுலபம்.

அரை கிலோ மைதாவுக்கு இன்ஸ்டன்ட் 5 கிராம், அதாவது ஒன்றரை டீஸ்பூன் போதும். ஆக்டிவ் டிரை என்றால் 6, 7 கிராம். ஃபிரெஷ் என்றால் 15 கிராம்.

விலை மலிவுன்னு பெரிய பாக்கெட் எடுக்கிறதுக்கு முன்னாடி கணக்குப் போடுங்க. அரை கிலோ இன்ஸ்டன்ட் பாக்கெட் 50 கிலோ மைதாவுக்கு வரும். தினம் ஒரு கிலோ மாவு பிசையறவங்களுக்கு 50 நாள்ல தீர்ந்துடும், லாபம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிள்ளைகளுக்கு அரை கிலோ மாவுல சுடுறவங்களுக்கு 100 வாரம் ஆகும். அதுக்குள்ள ஈஸ்ட் செத்துடும். அவங்க சின்ன பாக்கெட் வாங்கினாலே போதும். பிரிச்ச பாக்கெட்டைக் காத்துப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைங்க.

தேதியை மட்டும் நம்பாதீங்க. ஒருமுறை டவுன்ல வாங்கின பாக்கெட்டுல தேதி சரியாத்தான் இருந்துச்சு. ஆனா கடையில வெயில் படுற இடத்துல வெச்சிருந்தாங்க. அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில் ஒரு ஸ்பூன் சர்க்கரை, ஒரு ஸ்பூன் ஈஸ்ட் போட்டுப் பார்த்தோம். 10 நிமிஷம் கழிச்சும் நுரையே வரலை. திருப்பிக் கொடுத்துட்டோம். பார்க்காம போட்டிருந்தா மூணு கிலோ மைதா வீணாகியிருக்கும். எந்த வகையா இருந்தாலும் புது பாக்கெட் பிரிச்சதும் இந்தச் சோதனையைச் செய்யுங்க.

தண்ணி கை பொறுக்கிற சூட்டுல இருக்கணும். கொதிக்கிற தண்ணி ஊத்தினா ஈஸ்ட் செத்துப்போகும். உப்பை நேரா ஈஸ்ட் மேல கொட்டாதீங்க, மாவோட கலந்துடுங்க. சித்திரை, வைகாசி வெயில்ல மாவு சீக்கிரம் பொங்கும். அப்போ பச்சைத் தண்ணி ஊத்தி, ஈஸ்ட்டைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க. மார்கழியில கூடுதல் நேரம் விடணும். கடிகாரத்தைப் பார்க்காதீங்க, மாவைப் பாருங்க. ரெண்டு மடங்கு ஆனதும் உருட்டிடணும். அதுக்கு மேல விட்டா புளிச்ச வாடை வரும்.

இட்லி மாவு எப்ப பொங்கும்னு பார்த்தவுடனே சொல்ற நமக்கு இது புதுசில்லை. முதல் மாசம் சின்ன பாக்கெட்டுல தொடங்குங்க. டீக்கடையில தினமும் எத்தனை பன் கேட்கிறாங்கன்னு நோட்டுல எழுதி வைங்க. பிறகு குழுவாச் சேர்ந்து பெரிய பாக்கெட் வாங்கலாம். சந்தேகம் இருந்தா எங்க குழுவுக்கு வாங்க, மாவு பிசையும்போதே சொல்லித் தர்றோம்.