முழங்காலைக் கேட்டு இடம் பாருங்கள்

நடுவர் அவர்களே! குடும்பச் சுற்றுலாவுக்கு இடம் பார்க்க வேண்டியது இளைஞர்கள்தான் என்று எதிரணித் தம்பி முழங்கிவிட்டுப் போனார். போன வருஷம் எங்க வீட்டில் அதைத்தான் செய்தோம். 11 பேர். மலையேறிப் பழக்கமில்லாத கூட்டம். பிள்ளைகள் பர்வதமலை என்றார்கள். அங்கே கடப்பாறைப் படி. சங்கிலியைப் பிடித்து ஏறணும். இளசுகள் ஏறிவிட்டார்கள். 76 வயது என் அம்மா நாள் முழுக்க அடிவாரத்தில் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்த என் பையன், "பாட்டி, மேலே சூப்பர்!" என்கிறான். அம்மா சிரித்தார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

இந்த வருஷம் அம்மாவின் முழங்காலைக் கேட்டு இடம் பார்த்தேன். பக்கத்திலேயே ஜவ்வாதுமலை! ஜமுனாமரத்தூர் வரைக்கும் பஸ்ஸே போகுது. நடக்கிறவனுக்குக் காடு, குளிக்கிறவனுக்குப் பீமன் மடவு அருவி. சரி, பாட்டிக்கு? 1986-ல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் காவலூரில், அந்த மலையில் ஏன் வைத்தார்கள்? நகரத்து வெளிச்சம் எட்டாத இருட்டு, ஐயா! தங்கின வீட்டு வாசலில் கட்டிலைப் போட்டோம். நட்சத்திரத்தைக் காட்டிக் காட்டி ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் கதை சொன்னது யார்? வேனில் உட்கார்ந்திருந்தாரே, அதே பாட்டி! (கைதட்டல்)

அடுத்த தடவை இமயமலையில் ஔலிக்குப் போய்ப் பனிச்சறுக்கணும் என்கிறான் பையன். "போகலாம்டா. சறுக்கத் தெரியாத பத்துப் பேருக்கு அங்கே என்ன இருக்குன்னு முதல்ல விசாரிச்சுட்டு வா" என்றேன். விசாரித்துக்கொண்டிருக்கிறான், நடுவர் அவர்களே! (சிரிப்பு)