தீவனமும் மருந்தும்



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் பன்றி வளர்ப்பைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் தயங்கக்கூடும். உழைத்து உண்போர் நாண வேண்டியதில்லை. அவ்வுழைப்பை இழித்துரைத்தோரே நாண வேண்டும். ஆயினும் எத்தொழிலையும் அறிவோடு செய்தால்தான் அது நம்மை உயர்த்தும். காணை வட்டாரத்தில் கொட்டில் அமைக்க விழையும் இளைஞர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றைக் கூறுகிறோம்.

குட்டி தாய்ப்பாலை மறக்கும் காலமே இடர் மிகுந்த காலம். அதன் இரைப்பையில் அப்போது போதிய அமிலம் சுரப்பதில்லை. புதிய தீவனம் செரியாதபோது ஈ.கோலி என்னும் பாக்டீரியா குடலில் பெருகுகிறது. கழிச்சல் கண்டு, உடல்நீர் வற்றிக் குட்டிகள் மடிகின்றன. இவ்விழப்புக்கு அஞ்சியும், விரைந்த வளர்ச்சியை விரும்பியும், தீவனத்திலேயே சிறிதளவு ஆன்டிபயாடிக் மருந்தைக் கலக்கும் வழக்கம் பல நாடுகளில் பரவியது.

சிறிதளவு மருந்து வலுவற்ற கிருமிகளை அழிக்கும். தாங்கி நின்றவை பெருகும். 1969ஆம் ஆண்டிலேயே பிரிட்டனின் சுவான் குழு இதனை எச்சரித்தது. பிற மருந்துகள் பயன் தராத நிலையில் மனிதருக்குக் கடைசியாகக் கொடுக்கப்படுவது கொலிஸ்டின். அதற்கும் அடங்காத தன்மையைக் கிருமிக்குக் கிருமி கடத்தும் மரபணுவைச் சீனாவில் பன்றிகளிடமும் நோயாளிகளிடமும் கண்டதாக 2015இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். 2019 ஜூலையில் இந்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் அவற்றின் தீவனத்திற்கும் கொலிஸ்டினைத் தடை செய்தது.

மருந்துக்கு அடங்காத கிருமி முதலில் யாரைத் தொடும்? கொட்டிலைக் கழுவும் கைகளையும், அக்கைகள் சோறூட்டும் குழந்தையையுமே தொடும். பெரிய மருத்துவமனைக்குச் செல்லப் பொருளற்ற நமக்கு, எளிய மருந்து பலிப்பது உயிர்ப் பிரச்சினையாகும்.

மாற்று வழி உண்டா? உண்டு. டென்மார்க் நாடு வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை 1999 முடிவுக்குள் கைவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் தடுத்தது. டென்மார்க்கில் தொடக்கத்தில் கழிச்சல் மிகுந்தது உண்மையே. பராமரிப்பைத் திருத்தினர், தொழில் வீழவில்லை.

ஃபார்மிக், சிட்ரிக், லாக்டிக் போன்ற அமிலங்களை உரிய அளவில் தீவனத்தில் சேர்த்தால் தீய கிருமிகள் ஒடுங்கும். நன்மை செய்யும் நுண்ணுயிர்களாகிய புரோபயாடிக்கும் துணை புரியும். அளவு மீறினால் அமிலத்தின் சுவையால் குட்டி தீவனத்தை ஒதுக்கும். எனவே கால்நடை மருத்துவரைக் கேட்டே அளவை முடிவு செய்க.

இவை துணைகளே. பிறந்த சில மணி நேரத்திற்குள் சீம்பால், ஈரமற்ற தரை, தூய நீர், சிறிது சிறிதாகத் தீவன மாற்றம், நன்கு கொதிக்க வைத்த பின்னரே உணவுக் கழிவு: இவையே அடித்தளம். நோய் கண்டால் மருத்துவர் குறித்த மருந்தைக் குறித்த நாள்வரை கொடுங்கள். அவர் சொல்லும் இடைவெளி கழிந்த பின்னரே விற்பனை செய்யுங்கள்.

இளைஞர்களே! நம் முன்னோருக்கு எழுத்து மறுக்கப்பட்டது. இன்று படிக்கும் ஆற்றல் உங்களிடம் இருக்கிறது. தீவன மூட்டையில் தைத்த சீட்டையும் படியுங்கள். படிக்க இயலாத பெற்றோருக்குப் படித்துக் காட்டுங்கள். கல்வியின் பயன் கொட்டில்வரை செல்லட்டும்.