4 வருஷம் 10 மாசத்தை ரெஸ்யூமில் எப்படி எழுதுவது?

போன எபிசோடுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி. "அண்ணா, ஜாவா 5 வருஷம் கேக்கறாங்க. எனக்கு நாலே சொச்சம்தான். அஞ்சுன்னு போட்டுடலாமா?"

கேட்டவங்க நிறைய பேர் நம்ம பக்கத்து ஆளுங்க. நான் இதைப் பேசுறது மூலக்குளத்தில் இருந்து. 2020க்கு முன்னாடி ஓஎம்ஆரில் ரூம் எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமை ராத்திரி ஈசிஆர் பஸ் பிடிச்சு ஊருக்கு வந்தவங்க பலர், இப்போ உழவர்கரையில் வீட்டு மாடியில் உட்கார்ந்து கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறாங்க. நானும் அப்படித்தான். கொஞ்ச வருஷமா கிளையண்டுக்காக இன்டர்வியூவும் எடுக்கிறேன். கேட்கிறவங்க எதைப் பார்ப்பாங்கன்னு அதனால் ஓரளவு தெரியும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒருத்தர் 2020 ஜூலையில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் 12 மாசம் மேனுவல் டெஸ்டிங். அடுத்த 18 மாசம் ஜாவா அப்ளிகேஷனுக்கு ப்ரொடக்ஷன் சப்போர்ட். பிறகு 4 மாசம் பெஞ்ச். 2023 மே முதல் 2025 ஏப்ரல் வரை 24 மாசம், ஒரு கிளையண்டுக்கு ஜாவாவும் ஆங்குலரும் எழுதினார். மொத்தம் 58 மாசம், அதாவது 4 வருஷம் 10 மாசம். இவருக்கு ஜாவா அனுபவம் எவ்வளவு?

சப்போர்ட்டையும் சேர்த்தா மூன்றரை வருஷம். கோடு எழுதினது மட்டும்னா 2 வருஷம். ரெஸ்யூமில் என்ன இருக்கும் தெரியுமா? ஜாவா 5, எஸ்க்யூஎல் 5, ஆங்குலர் 3, டெஸ்டிங் 2. கூட்டினா 15 வருஷம். ஆளுக்கு வயசு 26!

இதில் இவரை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். விளம்பரம் எழுதுறவங்களும் அப்படித்தான் எழுதுறாங்க. ஃபாஸ்ட்ஏபிஐன்னு பைத்தானில் ஒரு ஃப்ரேம்வொர்க் இருக்கு. அதை உருவாக்கினவர் செபாஸ்டியன் ரமிரெஸ். 2020 ஜூலையில் அவர் ஒரு ட்வீட் போட்டார்: ஃபாஸ்ட்ஏபிஐயில் 4 வருஷ அனுபவம் கேட்டு ஒரு வேலை விளம்பரம் பார்த்தேன், என்னால் விண்ணப்பிக்க முடியாது, நான் அதை உருவாக்கியே ஒன்றரை வருஷம்தான் ஆச்சுன்னு. சிரிப்பா இருக்கும். ஆனா ரெக்ரூட்டர் அந்த 4ங்கிற எண்ணை வச்சுத்தான் ஃபில்டர் போடுறார். அந்த ஃபில்டரில் விழுந்துடுவோமோங்கிற பயம் நியாயமான பயம்தான்.

நவுக்ரி ப்ரொஃபைலில் ஐடி ஸ்கில்ஸ்னு ஒரு அட்டவணை இருக்கும். ஒவ்வொரு ஸ்கில்லுக்கும் எத்தனை வருஷம், எந்த வெர்ஷன், கடைசியா எந்த வருஷம் பயன்படுத்தினீங்கன்னு தனித்தனியா கேக்கும். பல பேர் வருஷத்தை மட்டும் நிரப்பிட்டு மத்ததை விட்டுடறாங்க. எனக்கு அந்த வெர்ஷனும் கடைசி வருஷமும்தான் முக்கியம். "ஜாவா 17, 2025 வரை, 2 வருஷம் டெவலப்மென்ட், ஒன்றரை வருஷம் சப்போர்ட்"னு ஒருத்தர் எழுதினா, "ஜாவா 5 வருஷம்"னு மொட்டையா எழுதினவரை விட இவரைத்தான் முதல்ல கூப்பிடுவேன்.

சப்போர்ட்டை மறைக்கவே வேண்டாம். ராத்திரி 2 மணிக்கு லாகைப் பிரிச்சு எந்தத் த்ரெட் மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு கண்டுபிடிச்ச ஆளுக்கு, புதுசா கோடு எழுதினவருக்குத் தெரியாத விஷயம் நிறையத் தெரியும். அதை அதோட பேரிலேயே எழுதுங்க.

இப்போ கான்ட்ராக்ட்காரங்களுக்கே உரிய சிக்கலுக்கு வர்றேன். நீங்க வேலை பார்த்தது ஒரு வங்கி ப்ராஜெக்ட். சம்பளம் போட்டது ஒரு பேரோல் கம்பெனி. நடுவில் ஒண்ணு ரெண்டு வெண்டர். ரெஸ்யூமில் வங்கிப் பேரை மட்டும் போட்டா, பேக்ரவுண்ட் செக் பண்றவங்க வங்கி எச்ஆரைக் கேட்பாங்க. "அப்படி யாரும் எங்ககிட்ட வேலை பார்க்கலை"ன்னு பதில் வரும். உண்மையா உழைச்ச ரெண்டு வருஷம் பொய் மாதிரி ஆயிடும். அதனால் வேலை கொடுத்த கம்பெனி, கிளையண்ட், எந்த மாசத்தில் இருந்து எந்த மாசம் வரை, இது மூணும் ஒரே வரியில் வரணும். கிளையண்ட் பேரை வெளியே சொல்லக் கூடாதுன்னு ஒப்பந்தம் இருந்தா "ஒரு தனியார் வங்கி"ன்னு போட்டா போதும்.

நம்ம ஊரில் பாரிஸில் சொந்தக்காரங்க இல்லாத தெரு குறைவு. அங்கே ஐடி கன்சல்டன்டா இருக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க. அவங்க கம்பெனி ஒரு 'தோசியே' தயார் பண்ணும். ஒவ்வொரு ப்ராஜெக்டும் தனித்தனியா, எத்தனை மாசம், என்ன பொறுப்பு, என்னென்ன டெக்னாலஜின்னு இருக்கும். அந்த வடிவத்தை நாமும் எடுத்துக்கலாம்.

தேதிகளை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, அது ஏற்கெனவே வேற இடத்தில் பதிவாகி இருக்கு. பிஎஃப் யுஏஎன் 2014ல் வந்தது. இபிஎஃப்ஓ தளத்தில் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்தா எந்த நிறுவனம், சேர்ந்த தேதி, விலகின தேதி எல்லாம் வரிசையா நிக்கும். ஆஃபருக்கு முன்னாடி அதோட ஸ்க்ரீன்ஷாட் கேக்கிறது இப்போ சாதாரணம். பிஎஃப் இல்லாம கன்சல்டன்ட் ஃபீஸா வாங்கினவங்களுக்கு ஃபார்ம் 26ஏஎஸ் இருக்கு. யார் எந்தத் தேதியில் வரி பிடிச்சாங்கன்னு அதில் தெரியும். இல்லாத கம்பெனிகளோட அனுபவச் சான்றிதழைக் காட்டிச் சேர்ந்தவங்களை அக்சென்ச்சர் 2022 நவம்பரில் இந்தியாவில் வேலையை விட்டே அனுப்பினது செய்தியில் வந்துச்சு. சேர்ந்த பிறகும் விடறதில்லை.

இதை விட என்னை உறுத்துறது இன்னொண்ணு. ஒரு இன்டர்வியூ. ரெஸ்யூமில் 6 வருஷம், "ஸ்ப்ரிங் பூட் 3 மைக்ரேஷனை முன்னின்று நடத்தினார்"னு இருந்துச்சு. ஸ்ப்ரிங் பூட் 3 2022 நவம்பரில் வந்தது. ஜாவா 17 கட்டாயம். கோடு முழுக்க ஜாவாஎக்ஸ்னு இருந்த இம்போர்ட் பல ஜகார்த்தான்னு மாறணும். அந்த வேலையை ஒரு வாரம் பார்த்தவங்க கூட அதை மறக்க மாட்டாங்க. "அப்கிரேடு பண்ணும்போது முதல்ல எது உடைஞ்சுது?"ன்னு கேட்டேன். தம்பி அமைதியா இருந்தார். அப்புறம், "சார், அந்த வரி நான் எழுதினது இல்ல"ன்னார்.

அவர் கன்சல்டன்சிக்கு அனுப்பினதில் 4 வருஷம்தான். நடுவில் யாரோ 6 ஆக்கி, ஒரு ப்ராஜெக்டையும் சேர்த்துட்டாங்க. ரேட் கார்டு வருஷக் கணக்கில்தானே போகுது, 6 வருஷ ஆளுக்குக் கமிஷனும் கூட. கிளையண்ட் லிஸ்டில் இந்தத் தம்பி பேருக்கு எதிரே குறிப்பு விழுந்துச்சு. அந்தக் கன்சல்டன்சி மறுநாள் வேற ஆளை அனுப்புச்சு. நான் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். அதுக்கு மேல அவருக்காக எதுவும் நடக்கலை.

அதனால் ரெக்ரூட்டர்கிட்ட ரெண்டு விஷயத்தை மெயிலில் கேளுங்க, போனில் வேண்டாம். ஒண்ணு, "என் அனுமதி இல்லாம ரெஸ்யூமை மாத்தி அனுப்பாதீங்க." ரெண்டு, "கிளையண்டுக்குப் போன காப்பியை எனக்கு அனுப்புங்க." இழுத்தடிச்சா அந்த வேலையை விட்டுடலாம்னு நான் நினைக்கிறேன். வீட்டில் இஎம்ஐ இருக்கும்போது விடறது கஷ்டம், தெரியும். குறைஞ்சபட்சம் இன்டர்வியூவில் உட்கார்ந்த உடனே, "உங்க கையில் இருக்கிற ரெஸ்யூமில் மொத்த அனுபவம் எவ்வளவுன்னு போட்டிருக்கு?"ன்னு கேட்டுடுங்க. தப்பா இருந்தா அங்கேயே திருத்துங்க. என்கிட்ட அப்படித் திருத்தினவங்க ரெண்டு பேர் செலக்ட் ஆகியிருக்காங்க.

வருஷத்தைக் குறைச்சுக் காட்டலாமான்னு ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. 18 வருஷம்னா பட்ஜெட் இல்லைன்னு ஒதுக்கறாங்களாம். பழைய விபி6 ப்ராஜெக்டை எல்லாம் எழுதாம விடலாம், கடைசி 10 வருஷத்தை மட்டும் விரிவா எழுதலாம். மொத்த அனுபவம்னு கேக்கிற கட்டத்தில் மட்டும் 18ஐ 10 ஆக்காதீங்க.

அப்போ அந்த 4 வருஷம் 10 மாசத்தை எப்படி எழுதுறது? "4 வருஷம் 10 மாசம்"னுதான்! கீழே அந்த நாலு கட்டமும் மாசக் கணக்கோட, பெஞ்ச் உட்பட. 5 கேட்கிற வேலைக்கு அதை வச்சே அப்ளை பண்ணுங்க. ரெண்டு மாசக் குறைக்காக நான் யாரையும் தள்ளினதில்லை.

அடுத்த எபிசோடில் நோட்டீஸ் பீரியட் பத்திப் பேசுவோம்.