முயலுக்கு நோன்பு இல்லை

(தசலட்சணப் பெருவிழாவில் ஆற்றிய உரை)

 

கொல்லாமை பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். அதன் பெருமையை அறியாதார் இவ்வவையில் இலர். ஆதலால் அதன் சிறு கிளை ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அண்மைக் காலமாக நம் வீடுகள் சிலவற்றில் முயல் வளர்கிறது. பிள்ளைகள் கேட்டார்கள் என்று வாங்கியவை சில. இறைச்சிக்குப் போகவிருந்ததை இரக்கம் கொண்டு மீட்டவை சில. அதற்கு எந்தக் காயை, எந்தக் கீரையை, எவ்வளவு கொடுப்பது என்பதே என் பொருள். இதற்கும் ஓர் உரையா என்று சிலர் புன்முறுவல் பூப்பது தெரிகிறது; பொறுத்தருள்க.

உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், கொல்லாமை அணுவிரதத்துக்கு நேரும் குற்றங்கள் ஐந்தினைக் கூறுகிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகையாகச் சுமை ஏற்றுதல் என்னும் நான்கும் கண்ணுக்குத் தெரிபவை. ஐந்தாவது, உணவையும் நீரையும் தடுத்தல். ஓர் உயிரின் இயற்கைக்கு உரிய உணவை விலக்கிவிட்டு, நமக்குப் பிடித்ததை அதன்முன் குவிப்பதும் இத்தடுத்தலின்பாற்படும் என்பது என் துணிபு.

முயலின் இயற்கை உணவு புல். அதன் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்பவை. முன்பல் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளரும். புல்லை ஓயாது மென்றால்தான் அவை தேயும். தேயாத பல் கன்னத்தையும் நாவையும் குத்திப் புண்ணாக்கும். அதன்பின் அவ்வுயிர் பசித்தும் உண்ணமாட்டாது. அதன் குடலில் வாழும் நுண்ணுயிர்களே நார்ப்பொருளைச் செரிக்கச் செய்கின்றன. மாவும் இனிப்பும் மிகுந்தால் அந்நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்து, கழிச்சலும் வயிற்றுப் பொருமலும் நேரும். முயலால் வாந்தி எடுக்கவும் இயலாது. உள்ளே சென்ற தீங்கு உள்ளேயேதான் கிடக்கும்.

ஆகவே உணவில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் புல்லோ உலர்புல்லோ இருத்தல் வேண்டும். கீரை அதன்மேல் வைக்கும் தொடுகறி போன்றது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஒரு கைப்பிடி போதும். கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, கேரட் இலை ஆகியவை நல்லவை. புதிய கீரை எதுவாயினும் ஒன்றை மட்டும் சிறிதளவு கொடுத்து, இரண்டு நாள் புழுக்கையைப் பார்த்தபின் அடுத்ததற்குச் செல்க. மூன்று மாதம் நிரம்பாத குட்டிக்குக் கீரை வேண்டா. பாலக்கிலும் தண்டுக்கீரையிலும் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. வாரத்தில் ஓரிரு முறை போதும். அகத்தியும் முருங்கையும் சுண்ணச்சத்து மிக்கவை. அச்சத்தை முயல் சிறுநீர் வழியே வெளியேற்றுவதால், அளவு மீறினால் சிறுநீர் சுண்ணாம்புக் குழம்புபோல் ஆகி வலி கொடுக்கும்.

கேரட்டுக்கு வருவோம். கேலிச்சித்திரப் படங்கள் செய்த குழப்பம் இது. கிழங்கு நீத்தலைக் கடைப்பிடிக்கும் இல்லத்தரசி ஒருவர், "நாங்கள் கேரட் வாங்குவதில்லையே, முயல் ஏங்கிப் போகாதா?" என வருந்தினார். அவ்வருத்தம் தேவையற்றது. கேரட் இனிப்பு மிக்கது. கொடுப்பவர்களும் விரல்நுனி அளவுத் துண்டை வாரத்தில் ஓரிரு முறை கொடுப்பதே முறை. அதை ஒருபோதும் உண்ணாத முயலுக்கு ஒரு குறையும் இல்லை. வெங்காயமும் பூண்டும் முயலுக்கு நஞ்சு. நோன்புடையோர் அடுக்களையில் அவை நுழைவதில்லை என்பது நற்பேறு. உருளைக்கிழங்கின் முளை, தக்காளிச் செடியின் இலையும் தண்டும், அவகேடோ, வேகாத பயறு ஆகியவையும் ஆகா. வழிபாட்டுக்கென வளர்க்கும் அரளியின் பக்கம் முயலை விடவே கூடாது. அதன் ஒவ்வொரு பாகமும் நஞ்சு. சோறு, சப்பாத்தி, பிஸ்கட், விழாவில் மிஞ்சிய லட்டு இவற்றை ஊட்டுவது அன்பன்று.

சென்ற சதுர்த்தசியன்று ஒரு சிறுமி என்னிடம், "தாத்தா, இன்று எங்கள் வீட்டில் பச்சைக் காய்கறி நறுக்குவதில்லை. முயலுக்கும் இன்று நோன்பா?" என்று கேட்டாள். இவ்வுரைக்கே காரணம் அக்கேள்விதான். நோன்பு, அறிந்து விரும்பி ஏற்பது. கேட்டு அறியவோ மறுக்கவோ இயலாத ஓர் உயிர்மேல் நாம் ஏற்றும் பட்டினி அதன் நோன்பாகாது. அது நம் குற்றமாகும். முயல் 12 மணி நேரம் உண்ணாதிருந்தாலே குடல் இயக்கம் நின்று உயிருக்கு இடர் நேரும்.

ஆயினும் வழி இருக்கிறது. உலர்ந்த புல் உயிர் நீங்கியது, அசித்தம். பருவ நாளில் பசுங்கீரையைத் தொடாமல், முன்பே உலர்த்திய புல்லைக் கூண்டு நிறைய வைத்துவிடலாம். நம் விரதமும் குலையாது, முயலும் வாடாது. அதற்கு அதுவே முதன்மை உணவும் ஆகும். அறிவியலும் ஆகமமும் இப்படி ஒரே கூண்டில் கைகோத்து நிற்பதைக் கண்டு நான் உள்ளூர மகிழ்ந்தேன்.

பொழுது சாய்ந்தபின் உண்ணாமை நம் குலமரபு. அதை எண்ணி மாலையில் கூண்டை வெறுமையாக்கிவிடும் இல்லங்களும் உள்ளன. முயலோ அந்தியிலும் விடியலிலும் மிகுதியாக மேய்வது. பொழுது மறையுமுன் நாமே உலர்புல்லும் நீரும் வைத்துவிட்டால், இரவில் அது தன் விருப்பப்படி உண்ணும். மேலும் ஒன்று, அருவருப்புக் கொள்ளாமல் கேளுங்கள். முயல் மென்மையான ஒருவகைப் புழுக்கையைத் தன் பின்புறத்திலிருந்தே வாயால் எடுத்து உண்ணும். குடல் நுண்ணுயிர்கள் ஆக்கித் தந்த உயிர்ச்சத்துகள் அதில் உள்ளன. தூய்மை கருதி அதைத் தடுப்பதும் உணவைத் தடுப்பதே.

உலர்புல் வேறு, வைக்கோல் வேறு. வைக்கோலில் சத்து மிகக் குறைவு. அருகம்புல்லைப் பூக்குமுன் அறுத்து, மருந்து தெளித்த வயலாயின் தவிர்த்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவைத்தால் மணம் கமழும். பூஞ்சணம் பூத்தால் எறிந்துவிடுக. புல் அறுப்பதும் ஓரறிவுயிர்க்குத் துன்பந்தானே என்பீர்கள். ஆம். அதனால்தான் கடையில் புதிதாக முயல் வாங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை. வந்து சேர்ந்துவிட்டதைக் காப்பதையே சொல்கிறேன். வயல்வெளிக் காட்டுமுயல் வேறு இனம். அதைப் பிடித்து வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனஉயிர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது.

காலையில் வைத்த உணவு மாலைவரை தீண்டப்படாமல் கிடந்தாலும், புழுக்கை சிறுத்தோ நின்றோ போனாலும், கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.