வளர்ந்த பிள்ளையோடு ஒரு நகர் காணல்

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுதற்குப் புலவர் பெருமக்கள் பலர் உளர். பத்தாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை முடித்து, ரெயில்வேயில் எழுத்தராக அமர்ந்த நமக்கு அத்தகுதி இல்லை. எனினும், கால அட்டவணையும் பயணச்சீட்டும் நமக்குப் பழகிய நூல்கள். ஆகவே, பதின்மூன்று முதல் பதினேழு வயதுக்குட்பட்ட பிள்ளையை உடன் அழைத்துக்கொண்டு, குறைந்த செலவில், ஒரு நகரைக் காண்பது எப்படி என்னும் பொருளைப் பற்றிச் சில சொற்கள் கூற முன்வந்தோம்.

இஃது உல்லாசப் பயணிகளின் கவலை, நமக்கென்ன என்று சிலர் எண்ணலாம். நமக்கே இது மிகவும் உரியது. சித்தூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும், தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். 1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது நாம் இப்பக்கத்தவரானோம். அதில் நமக்கு வருத்தமில்லை. மலையாள மண் நம்மை நன்றாகவே வைத்திருக்கிறது. ஆனால் வீட்டில் தமிழ் பேசும் நம் பிள்ளைகளுள் பலர் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் மட்டுமே பயில்கின்றனர். தமிழ்வழிப் பள்ளிகள் சில இருந்தும், எல்லோருக்கும் அவை எட்டுவதில்லை. அப்பிள்ளைகளின் நாவில் தமிழ் உண்டு; கண்ணில் இல்லை. இன்னும் இரண்டு மூன்று விடுமுறைகள் கழிந்தால் அவர்கள் விடுதிக்கும் வெளியூருக்கும் போய்விடுவர். பிறகு நாம் அழைத்தாலும் உடன் வர அவர்களுக்கு நேரம் இராது.

விடுமுறை வந்தால் நாம் செய்வது யாது? மலைவாசத்தலம் ஒன்றிற்கோ கேளிக்கைப் பூங்கா ஒன்றிற்கோ செல்கிறோம். நுழைவுக் கட்டணம் செலுத்துகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம், விலை மிகுந்த உணவை உண்கிறோம். அதில் குற்றமில்லை. ஆனால் காட்சி முடிந்ததும் பிள்ளை தன் கைப்பேசிக்குள் திரும்பிவிடுகிறது. பார்த்தது மனத்தில் நிற்பதில்லை. வேடிக்கை பார்க்க அழைத்துச் செல்லப்பட்டவர் விருந்தாளி; தாமே வழி கண்டு சென்றவர்க்கே ஊர் சொந்தமாகும். நாம் கூற வந்த கருத்தெல்லாம் இதனுள் அடங்கும்.

சென்ற ஓணம் விடுமுறையில் நாம் குடும்பத்தோடு மதுரைக்குச் சென்று வந்தோம். தாய், தந்தை, பதினைந்து வயது மகள் என மூவர். மதுரையைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் வழியாக மதுரைக்குப் பாதை இருக்கிறது. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2008இல் மூடப்பட்ட பாலக்காடு–பொள்ளாச்சிப் பகுதி 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது. காலையில் புறப்படும் திருச்செந்தூர் விரைவு வண்டி நம்மை நேரே கொண்டு சேர்க்கிறது. இடுக்கி அன்பர்களுக்கும் வழி உண்டு. 2010ஆம் ஆண்டின் இறுதியில் நின்றுபோன மதுரை–போடிநாயக்கனூர்ப் பாதையில் 2022இல் தேனி வரையிலும், 2023 சூன் மாதத்தில் போடி வரையிலும் வண்டி ஓடத் தொடங்கியது. பூப்பாறையிலிருந்து போடிமெட்டு வழியாக மலையிறங்கினால் ரெயில் நிலையம். தேக்கடியில் தேங்கும் நீரும் 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே இறங்கி வைகையைச் சேர்கிறது. நீர் சென்ற வழியே நாமும் செல்லலாம்.

காலத்தைப் பற்றி ஒரு சொல். சித்திரைத் திருவிழாவின்போது மதுரையில் தங்க இடம் கிடைப்பது அரிது, வெயிலும் கடுமை. நமக்கு ஓணம் விடுமுறை வரும்போது தமிழ்நாட்டில் பள்ளிகள் நடந்துகொண்டிருக்கும். ஆதலால் விடுதிகளில் நெருக்கடி குறைவு. முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டதையும், 12 வயது நிறைந்த பிள்ளைக்கு முழுக்கட்டணம் என்பதையும் நினைவிற்கொள்க. உறுதியான பயணச்சீட்டு உள்ளவர்கள் பெரிய சந்திப்புகளின் ஓய்வறைகளையும் முன்பதிவு செய்யலாம்.

துறை ஊழியராகிய நமக்குப் பாஸ் உண்டு. ஆகவே பயணச்சீட்டை விலக்கி, மற்றச் செலவுகளை மட்டும் கணக்கிட்டோம். ஆறாயிரம் ரூபாயை ஓர் உறையிலிட்டு, ஒரு குறிப்பேட்டோடு மகளின் கையில் கொடுத்தோம். “மூன்று பகல், இரண்டு இரவு, தங்குவதும் உண்பதும் சுற்றுவதும் இதற்குள். திட்டம் உன்னுடையது, சுமை தூக்குவது எங்களுடையது” என்றோம். ஒரு வாரம் அவள் கைப்பேசி வேறு வேலை செய்தது. நகர வரைபடம், பேருந்து எண், ஒவ்வோரிடத்தின் வார விடுமுறை, விடுதிக் கட்டணம் ஆகியவற்றைத் தேடிக் குறித்தாள். ரெயில் நிலையத்திற்கு எதிரே உள்ள வீதிகளில் எளிய விடுதிகள் பல உண்டு. நடந்தே செல்லலாம் என்று முடிவு செய்தாள். கையில் பணம் வந்தவுடன் பிள்ளைகளுக்குச் சிக்கனமும் வந்துவிடுகிறது. தந்தை குளிர்பானம் கேட்டபோது குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்த பிறகே விடை கிடைத்தது!

முதல்நாள் மாலை தெருக்களிலேயே நடந்தோம். கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றைச் சூழ்ந்து ஒன்றாக அமைந்த ஊர் அது. பழைய கோட்டை நின்ற எல்லை வெளி வீதி. 19ஆம் நூற்றாண்டில் பிளாக்பர்ன் ஆட்சியராக இருந்த காலத்தில் அக்கோட்டை இடிக்கப்பட்டது. ஒரு வீதியிலிருந்து அடுத்த வீதிக்கு நடப்பது ஒரு வரலாற்றுப் பாடம்; கட்டணம் இல்லை. மேலமாசி வீதியில் ஒரு வீடு உண்டு. 1921 செப்டம்பர் 22ஆம் நாள் காந்தியடிகள் அரையாடை மட்டுமே உடுத்துவதென முடிவெடுத்தது அவ்வீட்டில்தான். 1959இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகத்தையும் மறுநாள் கண்டோம். அங்கே அண்ணலின் குருதி படிந்த ஆடையின் முன் மகள் நெடுநேரம் நின்றாள்.

மறுநாள் விடியுமுன் எழுந்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குச் சென்றோம். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதை நூலில் படிக்கலாம். மூட்டை அவிழும்போது எழும் மணத்தையும், விலை கூறும் குரல்களையும் அங்கேதான் அறியலாம். அங்கிருந்து நகரப் பேருந்து. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லும் திட்டம் தமிழ்நாட்டில் 2021 மே மாதத்தில் தொடங்கப்பட்டதால், தாய்க்கும் மகளுக்கும் செலவில்லை. சீட்டு வாங்கியவர் தந்தை ஒருவரே.

அப்பேருந்தே அவளுக்கு அரிச்சுவடியாயிற்று. மலையாளத்தில் ஒவ்வோர் ஒலிக்கும் தனியெழுத்து உண்டு. தமிழில் ஒரே ‘க’ இடத்திற்கேற்ப ஒலிக்கும். காந்தி என்னும் பெயர் ‘கா’ என்று தொடங்குவதைக் கண்டு முதலில் நகைத்தாள். பிறகு சிம்மக்கல், தல்லாகுளம், தெப்பக்குளம் என்று ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டினாள். தவறினால் நாம் திருத்தவில்லை. அடுத்த நிறுத்தம் திருத்திற்று. அன்று பிற்பகல் முழுவதும் புது நத்தம் சாலையில் 2023 சூலை 15ஆம் நாள் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் கழிந்தது. குளிர்ந்த இடம், இலவசம், அமர்ந்து படிக்க நாற்காலி; வளர்ந்த பிள்ளைக்கு இதனினும் நல்ல இடம் எங்கே?

மூன்றாம் நாள் காலை கீழடி. மதுரைக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 12 கிலோமீட்டர், பேருந்திலேயே சென்றோம். அகழாய்வில் கிடைத்த பொருள்களுக்கென 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்னும் பெயர்கள் தமிழ் எழுத்தில் கீறப்பட்டுள்ளன. ஆதன் என்பது நெடுஞ்சேரலாதன் போன்ற சேர மன்னர் பெயரிலும் வருவது. நாம் வாழும் மண்ணுக்கும் உறவுடைய பெயர். அரசர் வெட்டுவித்த கல்வெட்டன்று அது. வீட்டுப் பானையில் எழுதப்பட்ட பெயர். மகள் அதனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பானை வைத்திருந்தவர்களுக்கெல்லாம் எழுதத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லையே, அப்பா” என்றாள்.

பத்தாண்டுகளாக நாம் சொல்லியும் ஏறாத செய்தி அது. “தமிழ் படி” என்று நாம் கூறியபோது கட்டளையாக இருந்தது, அவள் தானே கூறியபோது ஆசையாயிற்று.

ஊர் திரும்பிய மறுவாரம் எம் அடுக்களை டப்பாக்களில் கடுகு, துவரை, மல்லி என்று கோணல் எழுத்துகள் தோன்றின. ‘துவரை’யில் ஒரு ‘ர’ ‘ற’ ஆகியிருந்தது. அதனை யாரும் அழிக்கவில்லை; சில நாளில் அவளே மாற்றி எழுதினாள். உறையில் எஞ்சியது முந்நூற்று நாற்பது ரூபாய். அதற்கு ஒரு தமிழ் அகராதி வாங்க வேண்டுமென்று அவள் கேட்டாள். விலைக்குக் குறைந்த தொகையை நாம் சேர்த்தோம்.

அன்பர்களே! மதுரைதான் செல்ல வேண்டுமென்பதில்லை. கோவையாகலாம், திருச்சியாகலாம், சென்னையாகலாம். எங்குச் சென்றாலும் பணத்தையும் திட்டத்தையும் பிள்ளையிடம் கொடுங்கள். சந்தை ஒன்று, நூலகம் ஒன்று, நகரப் பேருந்து ஒன்று, பழமை பேசும் இடம் ஒன்று ஆகிய நான்கும் பட்டியலில் இருக்கட்டும். ஒருநாளில் இரண்டு இடங்களுக்குமேல் வேண்டா. ஓர் அரைநாள் அவர்கள் விருப்பப்படி கழியட்டும். நம் சங்கமும் ஆண்டுக்கு ஒருமுறை, சித்தூர்ப் பிள்ளைகளையும் தேவிகுளத்துப் பிள்ளைகளையும் ஒன்றாக அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யுமாயின், வண்டி நேரமும் சீட்டுக் கணக்கும் பார்த்துத்தரும் பணியை நாம் மகிழ்வோடு ஏற்போம்.