ஹம்மாமாத் பாறைகள்



எகிப்தில், நைல் கரையோரம் உள்ள கிஃப்த் என்ற ஊரிலிருந்து செங்கடல் துறைமுகமான குசைருக்கு ஒரு தார்ச்சாலை போகிறது. ஊரைத் தாண்டினால் பாலைவனம்தான். ஏறக்குறைய பாதி வழியில், கரும்பச்சைப் பாறைகள் இரு பக்கமும் நெருங்கி வரும். அந்த இடம்தான் வாதி ஹம்மாமாத். வண்டியை விட்டு இறங்கினால் சாலையோரத்திலேயே கல்வெட்டுகள். காலை வெயில் சாய்ந்து விழும்போது பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் எழுத்தும் தெரியாது, நிற்கவும் முடியாது.

நம்மவர்களுக்கும் இந்தப் பக்கம் தொடர்பு உண்டு. குசைரை ஒட்டிய பழைய துறைமுகத்தில், தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் இந்தப் பாறைகள் அதைவிட மிகப் பழையவை.

சிலைக்கும் சவப்பெட்டிக்கும் கல் எடுக்க அரசர்கள் இங்கே ஆள் அனுப்பினார்கள். சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் நான்காம் மெந்துஹோதெப்பின் அமைச்சர் அமெனெம்ஹெத் 10,000 பேரோடு வந்தார். சவப்பெட்டி மூடிக்குக் கல் தேடியபோது, சினையான பெண்மான் ஒன்று கூட்டத்தைப் பார்த்தபடியே நடந்து வந்ததாம். ஒரு பாறையில் ஏறி அங்கேயே குட்டி போட்டதாம். தெய்வமே கல்லைக் காட்டிவிட்டது என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. உடனே அந்த மானின் கழுத்தை அறுத்துப் பலி கொடுத்தார்கள். இதையும் ஒளிக்காமல் வெட்டி வைத்திருக்கிறார்கள். சுமார் 4 மீட்டர் நீளமுள்ள அந்த மூடியை இழுத்துப் போக 3,000 பேர். அந்த அரசரின் கல்லறை இன்றுவரை அகப்படவில்லை.

போன காரியத்தில் ஓர் ஆள் சாகவில்லை, ஒரு கழுதைகூடச் சாகவில்லை என்றும் அமைச்சர் எழுதச் சொல்லியிருக்கிறார். பத்தாயிரம் பேர், பாலைவனம், பாறை உடைக்கும் வேலை! நான் நம்பவில்லை. அதிகாரிகளின் அறிக்கை அன்றும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

எட்டு நூற்றாண்டு கழித்து நான்காம் ராம்செஸின் ஆட்கள் வந்தார்கள். அவர்களுடைய கல்வெட்டு, எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வருகைப் பதிவு. படைவீரர்கள் 5,000, மீன் பிடிக்க 200, கல் வெட்டிகள் 130 என்று ஒவ்வொரு பிரிவாக வருகிறது. முடிவில் இன்னொரு கணக்கு: இறந்து போனதால் பட்டியலில் சேர்க்காதவர்கள் 900 பேர். அரசரின் புகழுக்கென்று வெட்டிய கல்லில் இந்த எண்ணைச் சேர்க்க அந்தக் கணக்கருக்கு எப்படித் துணிவு வந்ததோ! மேலிடத்திலும் அதை அழிக்கச் சொல்லவில்லை.